ஈ.கோலை என்ற ஒரே பெயர்: வயிற்றுக் கிருமிக்கு வீரியம் எங்கிருந்து வருகிறது?

கோண்டாவிலில் இருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. பங்குக்கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தாராம். "ஈ.கோலை உண்டு" என்று அறிக்கை வந்திருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகன், "அம்மா, அது எல்லாருடைய குடலிலும் இருக்கிற பற்றீரியாதானே, அதுக்கேன் பயப்படுறீங்கள்?" என்கிறானாம். ஆனால் அதே ஈ.கோலை ஜேர்மனியில் ஆட்களைக் கொன்றது என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். "ஒரே கிருமி ஒரு வயிற்றில் பேசாமல் இருந்துகொண்டு இன்னொரு வயிற்றில் எப்படி ஆளைக் கொல்லும்? வித்தியாசம் அதன் மரபணுவிலா, எங்கள் உடம்பிலா? எங்கள் கிணற்றில் இருப்பது எந்த வகை?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்த அறிக்கையை வைத்து வகை சொல்ல முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள், ஏனென்று பிறகு வருகிறேன். உங்கள் மகன் சொன்னதும் சரி, நீங்கள் பயந்ததும் சரி. உங்கள் இருவரையும் குழப்புவது அந்தப் பெயர்தான். நான் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நின்றவன். எனக்கே இந்தப் பெயர்க் குழப்பம் தெளியக் கன காலம் எடுத்தது.

1885இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை வைத்தியர் குழந்தைகளின் மலத்தில் இருந்து இந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்து விவரித்தார். அந்தக் காலத்தில் ஒரு பற்றீரியாவுக்குப் பெயர் வைக்க என்ன இருந்தது? அதன் வடிவம், எந்தச் சாயத்தை ஏற்கிறது, எந்தச் சீனியைப் புளிக்க வைக்கிறது, அவ்வளவுதான். அந்த அடையாளங்களில் ஒத்துப்போனவை எல்லாம் ஒரே பெயருக்குள் வந்து விழுந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க இன்னும் நூறு வருடத்துக்கு மேல் போக வேண்டியிருந்தது.

உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் வளர்க்கும் கே-12 என்ற ஈ.கோலை 1922இல் ஒரு நோயாளியின் மலத்தில் இருந்து எடுக்கப்பட்டது. மகா சாது. அதன் முழு டிஎன்ஏயும் 1997இல் வாசிக்கப்பட்டது: ஏறக்குறைய 46 இலட்சம் எழுத்துகள், 4,300க்குக் கிட்டவான மரபணுக்கள். (மகனின் புத்தகத்தில் பரம்பரையலகு என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான்.) 1982இல் அமெரிக்காவில் அரைத்த மாட்டிறைச்சி வழியாக இரத்த வயிற்றோட்டத்தை உண்டாக்கிய ஓ157:எச்7 வகையை 2001இல் வாசித்தார்கள். அது 55 இலட்சம் எழுத்துகள். கே-12இல் இல்லாத 1,387 மரபணுக்கள் அதில் இருந்தன. கே-12இல் உள்ள 528 அதில் இல்லை. அடுத்த வருடம், சிறுநீர்த்தொற்றை உண்டாக்கும் மூன்றாவது வகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றின் புரதங்களையும் ஒரே பட்டியலாகச் சேர்த்தால், மூன்றுக்கும் பொதுவானவை 40 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இதுவா ஓர் இனம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது.

ஆகவே உங்கள் முதற்கேள்விக்கு ஒரு வரிப் பதில் உண்டு. வீரியம், அதாவது நோயை உண்டாக்கும் வலு, "ஈ.கோலை" என்ற பெயரோடு பிறந்த குணம் இல்லை. மூட்டை மூட்டையாக வெளியிலிருந்து வந்து சேர்ந்த சரக்கு அது. சில கிருமிகளில் மட்டும் கதை தலைகீழாகி, இருந்ததைத் தொலைத்ததால் வீரியம் கூடியிருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

மூட்டை என்று சொன்னது வெறும் உவமை அல்ல. டிஎன்ஏயை எழுத்து எழுத்தாக வாசித்தால் வந்த சரக்கு கண்ணுக்கே தெரியும். பழைய கிடுகு வேலியில் ஓர் இடத்தில் மட்டும் தகரம் அடித்திருந்தால் தெருவில் போகிறவருக்கும் அது பிறகு வந்தது என்று விளங்கும்தானே. டிஎன்ஏக்கு ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். ஈ.கோலையின் டிஎன்ஏயில் ஜி, சி இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல். குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் தரும் ஒரு வகை ஈ.கோலையில், சுமார் 35,000 எழுத்து நீளமான ஒரு துண்டில் மட்டும் அது 38 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 41 மரபணுக்கள் அந்தத் துண்டில் அடுக்காக நிற்கின்றன. இப்படிப்பட்ட துண்டுகளை நோய்த்தீவுகள் என்பார்கள். ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே உச்சரித்து இந்தத் தீவை "லீ" என்போம்.

லீ தீவு என்ன செய்கிறது என்பது எனக்கு இன்றுவரை அலுக்காத கதை. அதில் ஓர் ஊசி கட்டுவதற்கான முழுத் தளபாடமும் இருக்கிறது. பற்றீரியா குடற்சுவர்க் கலத்தில் அந்த ஊசியால் குத்தித் தன் புரதங்களை உள்ளே அனுப்பும். அவற்றில் ஒன்றின் பெயர் டிர். அது கலத்துக்குள் போய், கலத்தின் மேற்சவ்வில் முளைத்து நின்று, அதே பற்றீரியா வந்து பிடித்துக்கொள்ளும் பிடியாகிவிடுகிறது. அதாவது விருந்துக்கு வருகிறவர் தான் இருக்கும் கதிரையையும் தானே தூக்கிக்கொண்டு வருகிறார். 1997இல் இது கண்டுபிடிக்கப்படும் வரைக்கும் அந்தப் பிடி மனிதக் கலத்துடையது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

அதே வருடம் இன்னொரு பரிசோதனை. அந்த வயிற்றோட்ட வகையின் லீ தீவை முழுதாக வெட்டி எடுத்து, சாதுவான கே-12க்குள் போட்டார்கள். கே-12 குடற்கலத்தில் ஒட்டிப்பிடித்து, அதன் மேலுள்ள நுண்விரல்களை வழித்து எறிந்தது. அந்த ஒரு தீவே போதுமாக இருந்தது. "சரி, எல்லாம் முடிந்தது" என்று நினைக்கும்போது ஓ157இன் லீ தீவை எடுத்து இதே வேலையைச் செய்தார்கள். அது பலிக்கவில்லை. ஓ157இல் அந்த வேலைக்குத் தேவையான இன்னொரு மரபணு தீவுக்கு வெளியே, வேறொரு மூட்டையில் இருந்தது. அதனால்தான் ஒரு மரபணுவைக் காட்டி "இதுதான் நோய்க்கு மரபணு" என்று பத்திரிகைகள் எழுதும்போது நான் கொஞ்சம் பின்னுக்கு நிற்பேன். ஸ்டான்லி ஃபால்கோ என்ற நுண்ணுயிரியலாளர் 1988இல் இதற்கு ஓர் ஒழுங்கு எழுதி வைத்தார். மரபணுவை எடுத்தால் நோய் குறைய வேண்டும், திருப்பிப் போட்டால் நோய் திரும்ப வேண்டும். இந்தக் கிருமிதான் இந்த நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்க ரொபேர்ட் கொக் வைத்த விதியை இவர் மரபணுவுக்கு வைத்தார்.

ஓ157 ஆளைக் கொல்வது லீயால் மட்டும் அல்ல. ஷிகா நஞ்சு என்ற ஒன்றும் அதனிடம் உண்டு. கலத்துக்குள் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமுக்குள் போய், அதன் ஆர்என்ஏயில் அடினின் என்ற ஒரேயோர் எழுத்தை மட்டும் பிடுங்கிவிடும். இயந்திரம் நின்றுவிடும். எங்கள் வேலியோரம் நிற்கும் ஆமணக்கின் விதையில் உள்ள ரைசின் நஞ்சும் பிடுங்குவது அச்சொட்டாக அதே அடினினைத்தான். ஒரு செடியும் ஒரு பற்றீரியாவும் ஒரே ஆணியைக் கழற்றக் கற்றிருக்கின்றன. (பேதிக்குக் குடித்த ஆமணக்கெண்ணெய் ஏன் ஆளைக் கொல்லவில்லை என்று கேட்பீர்கள். ரைசின் எண்ணெயோடு வராது, பிண்ணாக்கில் தங்கிவிடும்.) சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் இந்த நஞ்சு வேலை காட்டினால் சிறுநீரகம் செயலிழக்கும். சின்னப் பிள்ளைகளில் அந்த ஆபத்துக் கூடுதல்.

இந்த நஞ்சின் மரபணு பற்றீரியாவுக்குச் சொந்தமே இல்லை. பற்றீரியாவைத் தாக்கும் ஒரு வைரசுக்குச் சொந்தமானது. ஃபேஜ் என்போம். சில ஃபேஜ்கள் பற்றீரியாவைக் கொல்லாமல் அதன் டிஎன்ஏக்குள் தம்மைச் செருகிக்கொண்டு வருடக்கணக்கில் உறங்கும். பற்றீரியாவின் டிஎன்ஏ சேதப்பட்டால், வீடு எரியப்போகிறது என்று அதற்கு விளங்கிவிடும். உடனே விழித்துப் பெருகி, பற்றீரியாவை உடைத்துக்கொண்டு வெளியேறும். அதன் போதுதான் நஞ்சும் ஏராளமாக வெளியே கொட்டுகிறது. டிஎன்ஏயைச் சேதப்படுத்தும் சில அன்டிபயோட்டிக்குகள் செய்வது இதைத்தான். ஆகவே இரத்தத்தோடு வயிற்றால் போனால் பாமசியில் கேட்டு இரண்டு குளிசை வாங்கிப் போடும் பழக்கம் வேண்டாம். ஷிகெல்லா என்ற கிருமி தரும் வயிற்றுளைவுக்கு அன்டிபயோட்டிக் உதவும், ஓ157க்கு அதுவே உபத்திரவமாகலாம். எது எது என்று மலப் பரிசோதனைதான் சொல்லும், பாமசிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்ல முடியாது.

நீங்கள் படித்த ஜேர்மனிச் செய்தி 2011இல் நடந்தது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி போட்டார்கள். கடைசியில் பிடிபட்டது வெந்தய முளை. எகிப்திலிருந்து வந்த விதை. 3,800 பேருக்கு மேல் நோய், 50க்கு மேல் மரணம். அந்த ஓ104:எச்4 வகையிடம் லீ தீவு இல்லை. அது வேறு விதமாக, செங்கல் அடுக்கியது போலக் குடலில் ஒட்டும் ஒரு பழைய வயிற்றோட்ட வகை. அதற்குள் ஷிகா நஞ்சு ஃபேஜ் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு குடும்பத்துச் சீதனம் ஒரு வீட்டில் சேர்ந்தது போல. (குழம்புக்குத் தாளிக்கும் வெந்தயத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், சூட்டில் எதுவும் மிஞ்சாது. பச்சையாகத் தின்னும் முளைதான் பிரச்சினை.)

இனிக் கொலராவுக்கு வருகிறேன், இந்தக் கதை அங்கேதான் மிக அழகாக விளங்கும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தைப் பலமுறை உலுக்கிய நோய். கிருமியைக் கொக் 1883–84இல் எகிப்திலும் கல்கத்தாவிலும் தேடிப் பிடித்தார். ஆனால் அது எப்படிக் கொல்கிறது என்பது பிறகும் எழுபது வருடத்துக்கு மேல் பிடிபடவில்லை. 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே, கிருமி முழுவதையும் வடித்து நீக்கிய வெறும் வளர்ப்பு நீரை முயலின் கட்டிய குடலுக்குள் விட்டுப் பார்த்தார். குடல் தண்ணீரால் ஊதியது. கிருமி இல்லாமலே நோய். நஞ்சு ஒன்று இருக்கிறது என்பது அப்படித்தான் உறுதியானது. பெரிய வசதி எதுவும் இல்லாத ஓர் ஆய்வுகூடத்தில் செய்த வேலை. வசதி இல்லை என்று நாங்கள் புலம்பும் நேரத்தில் என் ஆசிரியர் ஒருவர் இந்தப் பெயரைத்தான் எடுத்து வீசுவார்.

அந்த நஞ்சு குடற்கலத்தில் ஒரு சுவிட்சை "போடு" நிலையில் இறுக்கிவிடும். குளோரைட்டு குடலுக்குள் கொட்டும், அதன் பின்னால் தண்ணீர் போகும். கடும் நோயாளியிடமிருந்து மணிக்கு ஒரு லீற்றர்கூடப் போகலாம். ஆனால் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வாசலை அந்த நஞ்சு தொடுவதில்லை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற்றில் உப்போடு குளுக்கோசும் இருப்பது சுவைக்காக அல்ல. திறந்திருக்கும் அந்த ஒரே வாசலால் தண்ணீரை உள்ளே அனுப்பத்தான்.

இந்தக் கொலரா நஞ்சின் மரபணு எங்கே இருக்கிறது? 1996இல் மத்யூ வால்டரும் ஜோன் மெக்கலானோஸும் காட்டினார்கள்: இதுவும் ஒரு ஃபேஜுக்குள்தான். அந்த ஃபேஜ் உள்ளே நுழையப் பற்றீரியாவின் மேல் ஒரு குறிப்பிட்ட மயிரிழை இருக்க வேண்டும். அதே இழையைக் கொண்டுதான் பற்றீரியா குடலில் குடியேறுகிறது. அந்த இழையின் மரபணுக்களோ இன்னொரு தீவில் வந்தவை. ஆக முதலில் ஒரு மூட்டை வந்து வாசல் வைத்தது. வாசல் வைத்த பிறகு அந்த வாசலாலேயே அடுத்த மூட்டை நுழைந்தது. இரண்டையும் சேர்த்து இயக்குவது டொக்ஸ்டி என்ற ஒரே புரதம். கடலிலும் களப்பிலும் வாழும் இதன் இனத்தவர் பெரும்பாலானவரிடம் இந்த இரண்டு மூட்டையும் கிடையாது. அவை பேசாமல் மிதந்துகொண்டிருக்கின்றன.

மிதக்கும்போது என்ன செய்கின்றன? இறால், நண்டு, கூனி போன்றவற்றின் ஓட்டில் ஒட்டி வாழ்கின்றன. ஓடு கைற்றினால் ஆனது. 2005இல் வெளிவந்த ஆய்வொன்று, கைற்றினில் ஒட்டும்போது கொலராப் பற்றீரியா சுற்றியுள்ள நீரில் கிடக்கும் டிஎன்ஏயை உள்ளே இழுக்கத் தொடங்குகிறது என்று காட்டியது. செத்த பற்றீரியாக்களின் மரபணுக்கள் அப்படிக் கை மாறும். குருநகர்க் கரையில் நண்டு ஓடு குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வரும். எங்களுக்கு அது குப்பை, அவற்றுக்கு அது சந்தை. உடனே கடையில் நண்டு வாங்குவதை நிறுத்திவிடாதீர்கள். கறியாகக் கொதித்த நண்டில் எந்தச் சந்தையும் மிஞ்சாது.

இழந்து வீரியமானவர்களின் கதை ஷிகெல்லாவில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வயிற்றுளைவு என்று சொல்வது பெரும்பாலும் இதன் வேலை. 1897இல் ஜப்பானில் 90,000க்கு மேற்பட்டோரைப் பிடித்த கொள்ளைநோயின்போது கியோஷி ஷிகா கண்டுபிடித்தார். தனிப் பேரினமாகப் பெயர் வைத்து நூறு வருடம் ஆகிவிட்டதால் மாற்ற மனமில்லாமல் வைத்திருக்கிறோம். டிஎன்ஏயைக் கேட்டால் அது ஈ.கோலைதான். ஒரு தடவை அல்ல, பல தடவை, வெவ்வேறு ஈ.கோலைகள் தனித்தனியே ஷிகெல்லாவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றும் முதலில் சுமார் 2,20,000 எழுத்து நீளமான ஒரு பிளாஸ்மிட்டைப் பெற்றன. பிளாஸ்மிட் என்பது பிரதான நிறமூர்த்தத்துக்கு வெளியே தனியே சுழலும் டிஎன்ஏ வளையம். கலத்துக்குள் நுழையும் ஊசியும், நுழைந்த பிறகு கலத்தின் அக்டின் இழையையே வாலாகக் கட்டிக்கொண்டு பக்கத்துக் கலத்துக்குத் தாவும் வித்தையும் அதில் இருக்கின்றன.

பிறகு தொலைத்தவை. சாதாரண ஈ.கோலையில் கட்ஏ என்ற மரபணு உண்டு. அது செய்யும் நொதியம் கடாவரின் என்ற பொருளை உண்டாக்கும். பிணத்தின் நாற்றத்தில் உள்ள பொருள்தான். அந்தக் கடாவரின் ஷிகெல்லாவின் குடல்நஞ்சை வேலை செய்ய விடாது. ஆகவே ஷிகெல்லாக்கள் அந்த மரபணுவைத் தொலைத்துவிட்டன, ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக. 1998இல் அதை மறுபடி உள்ளே போட்டுப் பார்த்தார்கள், வீரியம் குறைந்தது. நீந்தும் கசையும் இனி அதற்கு வேண்டாம், அதையும் கைவிட்டது. ஊரில் இருந்த காணியை விற்றுவிட்டுக் கப்பலேறியவர் போல, திரும்பி வந்து குடலில் சாதுவாக வாழும் வழியை அது தானே அடைத்துக்கொண்டது.

மரபணு இருந்தால் மட்டும் போதாது, அது எப்போது திறக்கும் என்பதும் மரபணுவில்தான் எழுதியிருக்கிறது. ஷிகெல்லாவை 30 பாகை வெப்பத்தில் வளர்த்தால் கலத்துக்குள் நுழையாது. 37இல் வளர்த்தால் நுழையும். எங்கள் உடம்புச் சூடு. குளிர்ந்த நிலையில் அந்தப் பிளாஸ்மிட்டின் முக்கியமான ஓர் இடத்து டிஎன்ஏ வளைந்து மடிந்திருக்கும், எச்-என்எஸ் என்ற புரதம் அதன்மேல் பூட்டுப் போல இருக்கும். சூடு ஏறினால் வளைவு நிமிரும், பூட்டுக் கழலும். இந்த எச்-என்எஸ் ஈ.கோலையிலும் சல்மனெல்லாவிலும் உண்டு. ஏ, டி எழுத்துகள் கூடிய டிஎன்ஏயைக் கண்டால், அதாவது நான் சொன்ன அந்தத் தகரத் துண்டுகளைக் கண்டால், போய் அமுக்கி வைக்கும். வந்த மூட்டையை உடனே பிரிக்க விடாத வீட்டுப் பெரியவர். ஊசி கட்டுவது செலவு கூடிய வேலை. ஊசி கட்டும் சல்மனெல்லா கட்டாததைவிட மெதுவாகத்தான் பெருகும். சும்மா கிடக்கும் கிணற்றுத் தண்ணீரில் அதைக் கட்டி என்ன பயன்?

சல்மனெல்லா என்றதும் நெருப்புக்காய்ச்சல். இலங்கையில் இது அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று என்பதால் இதை விட்டுவிட்டுப் போக முடியாது. முட்டை, கோழி வழியாக வந்து சில நாள் வயிற்றால் போக வைக்கும் சல்மனெல்லாவும், நெருப்புக்காய்ச்சலின் டைஃபியும் மிக நெருங்கிய உறவு. இரண்டிடமும் குடற்கலத்துக்குள் நுழைய ஒரு தீவு, உள்ளே உயிர்வாழ இன்னொரு தீவு. டைஃபியை 2001இல் வாசித்தபோது இருநூறுக்கு மேற்பட்ட மரபணுக்கள் உடைந்து கிடந்தன. பல விலங்குகளில் வாழத் தேவையானவை பல அதில் அடக்கம். மனிதனைத் தவிர வேறெங்கும் அதற்கு வீடில்லை. புதிதாகப் பெற்றவற்றில் முக்கியமானது விஐ என்ற சர்க்கரை உறை. வீரியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளால் 1934இல் வைத்த பெயர். அந்த உறையைப் போர்த்திக்கொண்டால் எங்கள் நோயெதிர்ப்புக் காவலர்களுக்கு அது இலகுவில் தெரியாது. குடலில் பெரிய கலவரம் எதுவும் இல்லாமல் இரத்தத்துக்குள் போய்விடும். நெருப்புக்காய்ச்சல் தொடங்கும்போது வயிற்றோட்டத்தைவிடக் காய்ச்சலே முன்னுக்கு நிற்பது இதனால்தான். இன்றுள்ள ஊசிமருந்துத் தடுப்பூசிகள் அந்த உறையையே எடுத்துச் செய்தவை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். அன்டிபயோட்டிக்குக்கு மடங்காத தன்மை வேறு, வீரியம் வேறு. மடங்காத கிருமி மெல்லிய நோயையும் தரலாம், எல்லா மருந்துக்கும் மடங்கும் கிருமி ஆளையும் கொல்லலாம். ஆனால் இரண்டும் ஏறி வரும் வண்டி ஒன்றுதான். 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவத் தொடங்கிய டைஃபி, ஒரு பிளாஸ்மிட் வழியாக மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின் அன்டிபயோட்டிக்குகளுக்கும் மடங்காமல் போனது. பிறகு பலருக்கு வைத்தியம் சிக்கலானது நோய் கடுமையானதால் அல்ல, மருந்து கைவிட்டதால்.

உங்கள் இரண்டாவது கேள்வி, வித்தியாசம் எங்கள் உடம்பிலா என்பது. ஒரு பங்கு அதிலும் உண்டு. இரைப்பை அமிலம் முதல் மதில். ஷிகெல்லா அமிலத்தைத் தாங்கும் மரபணுக்களை வைத்திருப்பதால் பத்திலிருந்து நூறு கிருமி போனாலே நோய் வரும். கொலராவுக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை, கோடிக்கணக்கில் போக வேண்டும். ஆனால் அமிலம் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். ஓ இரத்த வகையினருக்குக் கொலரா வந்தால் கடுமையாக இருக்கும் என்பதும் தெரிந்த விடயம். ஆனால் இவை கூட்டிக் குறைப்பவை. நஞ்சு மரபணு இல்லாத கிருமியை இவை நஞ்சாக்கிவிடாது.

கோடு எங்கே போடுவது என்று எனக்கே தடுமாற்றம் தரும் ஒருவர் இருக்கிறார். முதலாம் உலகப்போரில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுளைவு வந்தபோதும் வராமல் தப்பிய ஒரு சிப்பாயின் குடலில் இருந்து, 1917இல் அல்ஃபிரட் நிஸ்லே ஓர் ஈ.கோலையை எடுத்தார். இன்றும் ஐரோப்பாவில் அது மருந்தாக விற்பனையாகிறது. டிஎன்ஏயில் பார்த்தால் சிறுநீர்த்தொற்று வகைக்கு நெருங்கிய சொந்தம். குடற்கலத்தின் டிஎன்ஏயைச் சேதப்படுத்தும் கொலிபக்டின் என்ற பொருளைச் செய்யும் மரபணுத் தீவும் அதனிடம் இருக்கிறது. மருந்தா கிருமியா? மரபணுப் பட்டியலை மட்டும் காட்டி என்னிடம் கேட்டிருந்தால் நான் பிழையாகத்தான் சொல்லியிருப்பேன்.

சரி, உங்கள் அறிக்கை. தண்ணீர்ச் சோதனையில் ஈ.கோலையைத் தேடுவது, லக்ரோசைப் புளிக்க வைக்கிறதா, சுமார் 44 பாகையில் வளர்கிறதா, ஒரு குறிப்பிட்ட நொதியம் இருக்கிறதா என்று பார்த்துத்தான். நஞ்சு மரபணு எதையும் அது தேடாது. இன்னும் வேடிக்கை, ஓ157:எச்7இல் அந்த நொதியம் வேலை செய்யாது, அந்தச் சூட்டில் அது சரியாக வளராது. ஆகவே மிக மோசமான வகையைச் சாதாரணச் சோதனை தவறவிடவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஏன் ஈ.கோலையைத் தேடுகிறோம்? அது சூடான இரத்தமுள்ள பிராணியின் குடலில் இருந்து வருவது. அது கிணற்றில் இருந்தால் மலம் கிணற்றுக்கு வந்த பாதை ஒன்று திறந்திருக்கிறது. இன்று அந்தப் பாதையில் சாது வந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தால் நாளை அதே பாதையில் டைஃபி வரும். உங்கள் மகன் பார்க்காதது இந்தப் பாதையைத்தான். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்குப் பூச்சியம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதற்காகவே.

எங்கள் நிலம் சுண்ணக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இத்தனை அடி என்று அளந்து நிம்மதியாக இருக்க முடியாது. மணல் நிலத்தில் வடிகட்டுவது போல இங்கே வடியாது. பக்கத்து வளவுக் குழியிலிருந்தும் வரலாம். பங்குக்கிணறு என்பதால் பங்குக்காரர் எல்லோரும் சேர்ந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோறின் போடுவிக்கலாம். ஆனால் அது பாதையை அடைக்காது, சில நாளில் பழையபடி வரும். குழியை அடிமூடிய தொட்டியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். அதுவரை கொதிக்க வைத்த தண்ணீர். லீ தீவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஃபேஜ் உறங்கினாலும் விழித்தாலும், கொதித்தால் எல்லா ஈ.கோலையும் ஒரே மாதிரித்தான் சாகும். பல் தீட்டவும் பச்சைக்காய் கழுவவும் அதே தண்ணீர்தான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் அறிக்கையில் எண்ணிக்கை இருந்ததா? எனக்கும் ஒருமுறை ஓர் இடத்தில் வெறும் "உண்டு" என்று எழுதிய தாள்தான் தந்தார்கள், திருப்பி அனுப்பி எண்ணிக்கை கேட்டு வாங்கினேன். 100 மில்லிலீற்றரில் இரண்டா இருநூறா என்பது முக்கியம். கார்த்திகை, மார்கழி மழைக்குக் கிணறு மேலேறி நிற்கும்போது ஒன்று, வைகாசி வெயிலில் வற்றியபோது ஒன்று என்று இரண்டு தடவை கொடுங்கள். இரண்டு எண்ணையும் எழுதினால் அழுக்கு மழையோடு கூடுகிறதா என்று ஓரளவுக்குச் சொல்லலாம்.